இடைக்காலப் பயிற்சியாளர் ஜெயித்தால் அவரையே நிரந்தரமாக்கலாமா? மான்செஸ்டர் யுனைடெட் சொல்லும் பாடம்

2018 டிசம்பர் 22. கார்டிஃப் நகரில் மான்செஸ்டர் யுனைடெட் 5-1 என்று வென்றது. 2013-ல் அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்ற கடைசி ஆட்டத்துக்குப் பிறகு, ஒரு பிரீமியர் லீக் ஆட்டத்தில் அந்த அணி 5 கோல் அடித்தது அதுதான் முதல் முறை. மூன்றே நாள் முன்னால் பொறுப்பேற்ற ஓலே குன்னர் சோல்ஷேருக்கு அது முதல் ஆட்டம்.

2019 மே 12. அதே கார்டிஃப், இந்த முறை ஓல்டு டிராஃபோர்டுக்கே வந்தது. இரண்டாம் டிவிஷனுக்கு இறங்குவது ஏற்கெனவே உறுதியாகிவிட்ட அணி. இழப்பதற்கு ஒன்றும் இல்லை. 2-0 என்று யுனைடெட்டை அதன் சொந்த மைதானத்திலேயே தோற்கடித்துவிட்டுப் போனது. யுனைடெட்டின் பயிற்சியாளர் அப்போதும் சோல்ஷேர்தான். ஒரே ஒரு வித்தியாசம்: முதல் ஆட்டத்தில் அவர் இடைக்காலப் பயிற்சியாளர், இரண்டாவதில் மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்ட நிரந்தரப் பயிற்சியாளர்.

சீசன் நடுவில் ஒரு பயிற்சியாளரை நீக்கி, இடைக்காலமாக இன்னொருவரை உட்கார வைக்கும்போதெல்லாம் ரசிகர்களிடையே ஒரே சண்டைதான். 'ஜெயிச்சுக்கிட்டு இருக்கிறவரை எதுக்கு மாத்தணும்?' என்று ஒரு தரப்பு. 'நாலு மேட்ச் ஜெயிச்சதும் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடாதீங்க' என்று இன்னொரு தரப்பு. இரண்டு கார்டிஃப் ஆட்டங்களுக்கு நடுவே கிடக்கும் ஐந்து மாதங்கள், இந்தச் சண்டையை அலசிப் பார்க்கச் சரியான இடம்.

இடைக்காலப் பயிற்சியாளர் என்றால் யார்?

அரசு அலுவலகத்தில் 'பொறுப்பு அதிகாரி' என்று ஒருவர் இருப்பாரே, கிட்டத்தட்ட அதுதான். நிரந்தரமானவர் வரும்வரை நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக உட்கார வைக்கப்படுபவர். கால்பந்தில் இதில் இரண்டு வகை உண்டு. ஏற்கெனவே கிளப்பில் துணைப் பயிற்சியாளராக இருப்பவரை ஓரிரு ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்கச் சொல்வது ஒன்று. வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து, சீசன் முடியும்வரை அணியை ஒப்படைப்பது இன்னொன்று.

நேரடியாக நிரந்தரப் பயிற்சியாளரையே கொண்டுவந்தால் என்ன என்று கேட்கலாம். கொண்டுவர முடியாது என்பதுதான் பெரும்பாலும் உண்மை. சீசன் நடுவில் நல்ல பயிற்சியாளர்கள் எல்லாம் வேறு கிளப்புகளோடு ஒப்பந்தத்தில் இருப்பார்கள். அவர்களை இழுக்கப் பெரும் தொகை இழப்பீடாகத் தர வேண்டும். கொடுத்தாலும் அந்த கிளப் விட வேண்டுமே! 2018 டிசம்பரில் யுனைடெட்டுக்கு எல்லோரும் சொன்ன பெயர் டாட்டன்ஹாம் பயிற்சியாளர் மவுரிசியோ போச்செட்டினோ. சீசன் நடுவில் அவர் வருவதற்கு வாய்ப்பே இல்லை. எனவே மே மாதம் வரை காத்திருக்க ஓர் ஆள் தேவைப்பட்டார்.

அந்த ஆள் சோல்ஷேர் ஆனதற்கும் காரணம் உண்டு. அவர் அப்போது நார்வேயில் மோல்டே கிளப்பின் பயிற்சியாளர். நார்வே லீக் குளிர்காலத்தில் நடக்காது. அதனால் மோல்டே அவரை 'கடனாக'க் கொடுத்தது. இன்னொரு பக்கம், யுனைடெட்டுக்காக 126 கோல் அடித்தவர்; 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் பயர்ன் மியூனிக்குக்கு எதிராகக் கடைசி நொடிகளில் வெற்றி கோலைப் போட்டவர். ரசிகர்களின் கோபத்தைத் தணிக்க இவரை விடப் பொருத்தமான முகம் கிடையாது. பயிற்சியாளராக அவருடைய முந்தைய இங்கிலாந்து அனுபவம் மட்டும் உதைத்தது: 2014-ல் அவர் பொறுப்பேற்ற கார்டிஃப் அணி, அந்த சீசன் முடிவில் பிரீமியர் லீக்கை விட்டே வெளியேறியது.

அந்த மூன்று மாதங்களில் நடந்தது என்ன?

ஜோசே மொரினியோ நீக்கப்பட்டபோது யுனைடெட் 17 ஆட்டங்களில் 26 புள்ளிகளோடு 6-வது இடத்தில் இருந்தது. சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பைத் தரும் 4-வது இடம் 11 புள்ளிகள் தள்ளி இருந்தது. மொரினியோவுக்கும் பால் போக்பாவுக்கும் ஒத்துப்போகவில்லை என்பது ஊரறிந்த விஷயம். கடைசி நாட்களில் போக்பா மாற்று வீரர்கள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்.

சோல்ஷேர் வந்ததும் எல்லாமே தலைகீழ். எல்லாத் தொடர்களையும் சேர்த்து முதல் 8 ஆட்டங்களிலும் வெற்றி. போக்பா, அடுத்தடுத்து ஹடர்ஸ்ஃபீல்டுக்கு எதிராக இரண்டு, போர்ன்மவுத்துக்கு எதிராக இரண்டு என்று கோல் போட்டார். மார்ச் 6-ம் தேதி பாரிஸில் உச்சம். சொந்த மண்ணில் 0-2 என்று தோற்றிருந்த யுனைடெட், பிஎஸ்ஜி அணியை அதன் மைதானத்தில் 3-1 என்று வென்று, வெளியூர் கோல் கணக்கில் முன்னேறியது. ஐரோப்பியக் கோப்பை வரலாற்றில், சொந்த மைதானத்தில் முதல் ஆட்டத்தை இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்ற பிறகு மீண்டு வந்த முதல் அணி அதுதான்.

அன்றிரவு ரசிகர்களிடம் போய் 'பொறுமையா முடிவெடுக்கலாம்' என்று சொன்னால் யார் கேட்பார்கள்? யுனைடெட்டின் முன்னாள் வீரர் ரியோ ஃபெர்டினாண்டே, அவர் முன்னால் ஒப்பந்தத்தை வைத்துக் கையெழுத்து வாங்குங்கள் என்ற தொனியில் தொலைக்காட்சியில் பேசினார்.

மார்ச் 28-ம் தேதி கிளப் அதைத்தான் செய்தது. அதுவரை சோல்ஷேரின் கணக்கு 19 ஆட்டங்கள், 14 வெற்றி, 2 டிரா, 3 தோல்வி. 11 புள்ளி இடைவெளி 2 ஆகச் சுருங்கியிருந்தது. இப்படிப்பட்டவரை நிரந்தரமாக்காமல் வேறு யாரை ஆக்குவது?

ஆனால் பலரும் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. அந்த 3 தோல்விகளில் 2, ஒப்பந்தத்துக்கு முந்தைய கடைசி இரண்டு ஆட்டங்களில் வந்தவை. லீக்கில் ஆர்சனலிடம் தோல்வி, எஃப்ஏ கோப்பையில் உல்வ்ஸ் அணியிடம் தோல்வி. மேடு முடிந்து இறக்கம் தொடங்கிய இடத்தில்தான் கையெழுத்து விழுந்தது.

எண்களை மூன்றாகப் பிரித்தால்...

அந்த சீசனின் 38 லீக் ஆட்டங்களை மூன்று துண்டாகப் பார்க்கலாம். மொரினியோவின் கீழ் 17 ஆட்டங்களில் 26 புள்ளிகள். இடைக்கால சோல்ஷேரின் கீழ் 13 ஆட்டங்களில் 32 புள்ளிகள். நிரந்தர சோல்ஷேரின் கீழ் கடைசி 8 ஆட்டங்களில் 8 புள்ளிகள். ஆட்டத்துக்குச் சராசரி என்று பார்த்தால் சுமார் ஒன்றரை, பிறகு கிட்டத்தட்ட இரண்டரை, கடைசியில் ஒன்று. அதாவது, நீக்கப்பட்ட மொரினியோவை விடவும் கீழே.

பார்சிலோனாவிடம் தோற்ற இரண்டு சாம்பியன்ஸ் லீக் காலிறுதி ஆட்டங்களையும் சேர்த்தால், நிரந்தரம் ஆன பிறகு அந்த சீசனில் 10 ஆட்டங்கள், 2 வெற்றி, 6 தோல்வி. எவர்டனிடம் 0-4. டிசம்பரில் 3-1 என்று வென்ற ஹடர்ஸ்ஃபீல்டோடு மே மாதம் 1-1. 66 புள்ளிகளோடு யுனைடெட் முடித்த இடம் 6. எங்கே தொடங்கியதோ அதே இடம். சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு 5 புள்ளிகளில் போனது. யாருக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார்களோ அந்தப் போச்செட்டினோ, அதே சீசனில் டாட்டன்ஹாமை சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டிக்கே கொண்டுபோனார்.

புதியவர் வந்ததும் அணி ஏன் ஜெயிக்கிறது?

முதல் காரணம், வீரர்கள். ஒதுக்கி வைக்கப்பட்டவருக்கு மறுபடி வாய்ப்பு. இடம் உறுதி என்று இருந்தவருக்கு மறுபடி பயம். ஓய்வறையில் கொஞ்ச நாள் காற்று மாறும். இது நிஜமான மாற்றம்தான், ஆனால் ஆயுள் குறைவு. மூன்று மாதத்தில் புதியவரும் பழையவராகிவிடுவார்.

இரண்டாவது, ஆட்ட அட்டவணை. சோல்ஷேரின் முதல் நான்கு எதிரணிகள் கார்டிஃப், ஹடர்ஸ்ஃபீல்டு, போர்ன்மவுத், நியூகாசில். முதல் இரண்டும் அந்த சீசன் முடிவில் கீழே இறங்கிய அணிகள். மொரினியோவின் கடைசி ஆட்டம் யாரோடு? லிவர்பூலோடு, அவர்களுடைய மைதானத்தில்.

மூன்றாவது, அதிர்ஷ்டம். ஜனவரியில் டாட்டன்ஹாமை 1-0 என்று வென்ற ஆட்டத்தில் கோல்கீப்பர் டேவிட் டி கியா 11 முறை பந்தைத் தடுத்தார். பாரிஸ் வெற்றியின் முதல் கோல் எதிரணி வீரர் தவறாகப் பின்னால் தட்டிய பந்தில் வந்தது. இரண்டாவது, பஃபான் கையிலிருந்து நழுவிய பந்தில். மூன்றாவது, கூடுதல் நேரத்தில் வீடியோ நடுவர் மூலம் கிடைத்த பெனால்டியில். வெற்றி வெற்றிதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த மூன்று ஆண்டுக்கு அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியுமா?

நான்காவது காரணம்தான் முக்கியம். எந்த அணியும் தன் வழக்கமான தரத்தை விட மிக மோசமாக ஆடும்போதுதான் பயிற்சியாளரை நீக்குகிறார்கள். அப்படிப்பட்ட சரிவு, யார் வந்தாலும் வராவிட்டாலும், கொஞ்சம் கொஞ்சமாக வழக்கமான தரத்துக்குத் திரும்பும். டச்சுப் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வீல், நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை எடுத்து இதைத்தான் ஆராய்ந்தார். பயிற்சியாளரை மாற்றிய அணிகள் மீண்டது உண்மை. ஆனால் அதே போன்ற சரிவில் பயிற்சியாளரை மாற்றாமல் இருந்த அணிகளும் மீண்டன. மாற்றத்தால்தான் மீண்டது என்று சொல்ல அவருக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

அப்படியானால் இடைக்கால நியமனமே வீணா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. 2012 மார்ச்சில் செல்சி, ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸை நீக்கி, துணைப் பயிற்சியாளர் ராபர்டோ டி மட்டேயோவிடம் அணியைக் கொடுத்தது. நபோலியிடம் 1-3 என்று பின்தங்கியிருந்த சாம்பியன்ஸ் லீக் மோதலை அவர் மீட்டார். மே மாதம் எஃப்ஏ கோப்பை. இரண்டே வாரத்தில், மியூனிக்கில் பயர்ன் அணியை பெனால்டி ஷூட் அவுட்டில் வீழ்த்தி, செல்சியின் முதல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை. லீக்கில் மட்டும் 6-வது இடம். ஜூன் மாதம் அவரை நிரந்தரமாக்கினார்கள். நவம்பரில், யுவென்டஸிடம் 0-3 தோல்விக்கு மறுநாள், வேலையை விட்டு அனுப்பினார்கள். கோப்பை தூக்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

நிதானமாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு பயர்ன் மியூனிக் உதாரணம். 2019 நவம்பரில், ஃபிராங்க்ஃபர்ட்டிடம் 1-5 என்று தோற்றதும் நிகோ கோவாச் வெளியேறினார். துணைப் பயிற்சியாளர் ஹான்சி ஃபிளிக்கிடம் முதலில் கொடுத்தது இரண்டு ஆட்டங்கள் மட்டுமே. பிறகு கிறிஸ்துமஸ் வரை. இடையில் அடுத்தடுத்து இரண்டு லீக் ஆட்டங்களில் தோற்றார், கிளப் பதறவில்லை. டிசம்பர் இறுதியில் சீசன் முடியும்வரை என்று நீட்டித்தார்கள். அடுத்த ஏப்ரலில்தான் 2023 வரையிலான ஒப்பந்தம். அந்த சீசனில் பயர்ன் லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்றது. பதறாத காரியம் சிதறாது என்பார்களே, அதுபோல.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2022-23 சீசன் இறுதியில் டாட்டன்ஹாம், அன்டோனியோ கான்டேயை அனுப்பிவிட்டு, அவருடைய துணைவர் கிறிஸ்டியன் ஸ்டெல்லினியிடமே அணியைக் கொடுத்தது. நான்காவது ஆட்டத்தில், நியூகாசிலில், 21 நிமிடங்களுக்குள் 5 கோல் வாங்கி 1-6 என்று தோற்றது. மறுநாள் இடைக்காலமானவருக்கும் இடைக்காலமாக இன்னொருவர் வந்தார். அதே மாதம் செல்சிக்குத் திரும்பிய ஃபிராங்க் லாம்பார்டு 11 ஆட்டங்களில் ஒன்றில் மட்டும் வென்றார். லீட்ஸ் கிளப், 4 ஆட்டங்கள் மிச்சம் இருக்கையில் சாம் அலார்டைஸை அழைத்தது. கிடைத்தது ஒரு புள்ளி, கூடவே கீழ் டிவிஷன்.

ரசிகர்களின் மனசு எங்கே நிற்கிறது?

முடிவுகளை மட்டும் வைத்து ரசிகர்கள் ஒருவரை ஏற்பதில்லை. டி மட்டேயோவுக்குப் பிறகு செல்சி, ரஃபா பெனிடெஸை அந்த சீசன் முடியும்வரை இடைக்காலமாக நியமித்தது. அவர் லிவர்பூல் பயிற்சியாளராக இருந்தவர். செல்சி ரசிகர்களுக்கு அது ஆறாத புண். முதல் நாளே கூச்சல். 16-வது நிமிடம் வந்ததும் மைதானமே எழுந்து கைதட்டியது. கைதட்டல் பெனிடெஸுக்கு அல்ல, செல்சியில் 16-ம் எண் சட்டை அணிந்து ஆடிய டி மட்டேயோவுக்கு. 'இடைக்கால' என்ற அடைமொழியைத் தன் பெயரோடு ஒட்டியதே தவறு என்று 2013 பிப்ரவரியில் பெனிடெஸ் வெளிப்படையாகவே வெடித்தார். கடைசியில் அவர் யூரோப்பா லீக் கோப்பையையும் 3-வது இடத்தையும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

சோல்ஷேர் கதை இதற்கு நேர் எதிர். அவர் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. 'நம்ம ஆளு' என்ற பாசம் முதல் நாளிலேயே இருந்தது. ஆனால் பெனிடெஸ் மீதான வெறுப்பு அவருடைய திறமையைக் குறைத்துவிடவில்லை. சோல்ஷேர் மீதான பாசம் அவருடைய திறமையைக் கூட்டிவிடவும் இல்லை. இரண்டையும் தள்ளி வைத்துவிட்டுக் கணக்குப் போட வேண்டியது ரசிகர் அல்ல, கிளப் நிர்வாகம். ரசிகர் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, மழையில் நனைந்து, தொண்டை வறளக் கத்துபவர். அவர் உணர்ச்சிவசப்படலாம், அது அவர் உரிமை. நிர்வாகமும் சேர்ந்து உணர்ச்சிவசப்பட்டால்தான் ஆபத்து.

2018 டிசம்பரில் யுனைடெட் நிர்வாகம் சொன்னது என்ன? சீசன் முடியும்வரை சோல்ஷேர் இருப்பார். அதற்குள் முழுநேரப் பயிற்சியாளரை முறையாகத் தேடிக் கண்டுபிடிப்போம். இதுவே நல்ல திட்டம்தான். 8 லீக் ஆட்டங்கள் மிச்சம் இருக்கும்போதே அதைக் கைவிட்டார்கள். மே 12 வரை காத்திருந்தால் என்ன கெட்டிருக்கும்? சோல்ஷேர் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. அந்த 8 ஆட்டங்களைப் பார்த்த பிறகும் 'இவரே போதும்' என்று முடிவெடுத்திருந்தால், அது தெரிந்து எடுத்த முடிவாக இருந்திருக்கும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சோல்ஷேர் தோற்றுப்போன பயிற்சியாளர் என்று ஒதுக்கிவிட முடியாது. அடுத்த இரண்டு சீசன்களில் யுனைடெட் 3-வது, 2-வது இடங்களைப் பிடித்தது. 2021 யூரோப்பா லீக் இறுதிப் போட்டியில் வியாரியலிடம் பெனால்டியில்தான் கோப்பையை இழந்தது. அதே ஆண்டு நவம்பரில் வாட்ஃபோர்டிடம் 1-4 என்று தோற்றதும் அவரை நீக்கினார்கள்.

பிறகு வந்தவர்? மறுபடியும் ஓர் இடைக்காலப் பயிற்சியாளர், ரால்ஃப் ரங்னிக். இந்த முறை கிளப் வேறு திட்டம் வைத்திருந்தது: சீசன் முடிந்ததும் அவர் இரண்டு ஆண்டு ஆலோசகராக இருப்பார். மே மாதம் போகப்போகிறவர் என்று வீரர்களுக்கு முன்பே தெரியும். 58 புள்ளிகள், 6-வது இடம். பிரீமியர் லீக்கில் அதுவரை யுனைடெட் எடுத்ததிலேயே குறைந்த புள்ளிகள். அணிக்கு மேல்பூச்சு போதாது, இதய அறுவை சிகிச்சையே தேவை என்று ரங்னிக் வெளிப்படையாகச் சொன்னார். ஆலோசகர் வேலை நடக்கவே இல்லை. அவர் ஆஸ்திரியத் தேசிய அணிக்குப் போய்விட்டார்.

அடுத்த முறை என்ன கேட்க வேண்டும்?

எந்த கிளப்பின் ரசிகராக இருந்தாலும், சீசன் நடுவில் இடைக்காலப் பயிற்சியாளர் வரும்போது 'இவர் நல்லவரா, கெட்டவரா' என்று அடித்துக்கொள்வதை விட மூன்று கேள்விகளைக் கேட்கலாம்.

ஒன்று, இவரிடம் கிளப் எதிர்பார்ப்பது என்ன? கீழ் டிவிஷனுக்குப் போகாமல் காப்பதா, 4-வது இடமா, ஓய்வறையில் அமைதியா? இலக்கைச் சொல்லாமல் நியமித்தால், பிறகு எந்த முடிவையும் வெற்றி என்று காட்டிவிடலாம்.

இரண்டு, நிரந்தரப் பயிற்சியாளரைத் தேடும் வேலை நிஜமாகவே நடக்கிறதா? இடைக்காலமானவர் ஜெயிக்க ஜெயிக்க அந்தத் தேடல் மெதுவாக நின்றுபோவதுதான் வழக்கம். முழுமையாகத் தேடிய பிறகு அவரே சிறந்தவர் என்று தெரிந்தால், தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

மூன்று, முடிவெடுக்கும் தேதி எது? அதை முதல் நாளே அறிவித்துவிட்டு, நடுவில் எவ்வளவு பெரிய வெற்றி வந்தாலும் அந்தத் தேதி வரை கையெழுத்துப் போடாமல் இருக்க கிளப்புக்குத் துணிச்சல் இருக்கிறதா?

தோல்வி நேரத்தில் பொறுமை காக்கச் சொல்வது எளிது. பாதிப் பேராவது கேட்பார்கள். வெற்றி நேரத்தில் பொறுமை காப்பதுதான் கஷ்டம். பாரிஸ் இரவுக்குப் பிறகு யுனைடெட் நிர்வாகம் இன்னும் பத்து ஆட்டங்கள் பொறுத்திருந்தால், அந்தப் பத்தும் போதுமான பதிலைச் சொல்லியிருக்கும்.